பாப்பம்மாவின் இனித்துப்போன குரல்

"குரல் இனிச்சுப் போச்சுடி ஒனக்கு" என்று கூட வேலை செய்யும் பக்கத்து வீட்டுச் சுப்பம்மா சொன்னபோது பாப்பம்மாவின் கையில் சூடான இஸ்திரிப்பெட்டி இருந்தது. ஹோட்டலின் தலையணை உறை ஒன்று கருகிப் போனது.

"என்ன சொன்னே?"

"நானா சொன்னேன்? லயமே சொல்லுது. மொதக் கசட்டக் கேட்டா நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கும். இது என்னமோ சினிமாக்காரி பாடுற மாதிரியில்ல இருக்கு."

கண்டியில் அந்த ஹோட்டலின் சலவைக்கூடத்தில் பாப்பம்மாவுக்கு அது பதினோராவது வருடம். பிறந்தது, இன்றும் இருப்பது, கலகெதரப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழாப் பாட்டுக்கு நின்றவளை, "ஆம்பளைக் குரல்" என்று வரிசையிலிருந்து இழுத்து வெளியே விட்டார்கள். அதற்குப் பிறகு அவள் பாடியது அழுக்குத் துணிகளுக்கு மட்டும்தான். சனிக்கிழமைகளில் மேல்மாடியில் வாத்தியக் குழு ஒன்று வாசிக்கும். அதில் கிற்றார் வாசித்த இராமகிருஷ்ணன், கடுகண்ணாவை ரயில் நிலையத்தில் கிளார்க். ஒருநாள் சிகரெட் பிடிக்கக் கீழே இறங்கியவர் அவள் குரலைக் கேட்டு நின்றுவிட்டார். புளூஸ் என்றால் என்ன என்று அவர்தான் விளக்கினார். ஓர் அடியை இரண்டு தரம் சொல்லி, மூன்றாவது அடியில் பதில் கொடுப்பது.

"பீலியடியில தண்ணிக்குச் சண்டை போடுறதும் இப்பிடித்தானுங்க சார்" என்றாள் பாப்பம்மா. "சொன்னதையே ரெண்டு தரம் சொல்லிட்டு, மூணாவதா குடுப்பாங்க."

'தகரம்' என்ற முதல் கசட் அப்படிப் பிறந்தது. தோட்டம் தோட்டமாகப் போனது. இரண்டாவது, 'பெரட்டு', 1992 ஏப்ரலில் வந்தது. தோட்டத்து மேலாளரான தொரை காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தைப் பற்றிய எட்டுப் பாட்டுகள். கொழும்பில் பதிந்தபோது கேட்டதோடு சரி, அவளிடம் கசட் போடும் பெட்டி கிடையாது. தனக்கென்று வைத்திருந்த ஒன்றையும் யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டாள்.

மூன்று வாரம் அபிப்பிராயங்கள் வந்துகொண்டே இருந்தன. தேத்தண்ணிக் கடைக்காரர், "சீனி கூடிப் போச்சு" என்றார். கோயில் கமிட்டிக்காரர் பாராட்டினார்: "இப்பத்தான் பொம்பளப் புள்ள மாதிரி பாடியிருக்கே." அந்தப் பாராட்டுக்கு அவரை அறைந்திருப்பாள். கோயில் வாசல் என்பதால் விட்டாள்.

கடைசியாகத் தோட்டத் தலைவர் கறுப்பையா. தொழிற்சங்கத்தின் மே தின மேடையில் அவளைப் பாட அழைத்தவரே அவர்தான்.

"வேணாம்மா. சனத்தோட கஷ்டத்தப் பாடுற குரலு இது இல்ல. ரேடியோவுக்குப் போவணும்னு ஆசை வந்திருச்சு, போ. மேடைக்கு வேற ஆளப் பாத்துக்குறோம்."

"முழுசாக் கேட்டீங்களா தலைவரே?"

"மூணு தரம் கேட்டேன்."

தன்னை விற்றுவிட்டாள் என்கிறார். பாப்பம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் இராமகிருஷ்ணனிடம் போய், "என் குரல்ல என்னமோ பண்ணிட்டீங்க சார்" என்று கத்தினாள். அவர் முகம் சுருங்கிப்போய் உள்ளே போய்விட்டார். பீலியடியில் தனியே நின்று பாடிப் பார்த்தாள். பழைய குரல்தான். அல்லது காது கெட்டுவிட்டதா?

புதன்கிழமை மாலை, கலகெதர பஸ்ஸில், சாரதி கசட் ஒன்றைப் போட்டார். ஒரு சின்னப் பெண்ணின் குரல் அவளுடைய வரிகளைப் பாடியது. எவளோ என் பாட்டைத் திருடிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த பாட்டின் நடுவில் கிற்றார்க் கம்பி அறுந்த சத்தமும் "ஐயோ சார்" என்ற அவளுடைய சொல்லும் வந்தன. கொழும்பில் வெட்டாமல் விட்ட இடம் அது. அந்தப் பொடிக்குரல் அவள்தான்.

ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். "இதை எங்க எடுத்தீங்க?"

"கண்டியில், பஹ்மி கடை. லஸ்ஸனய் நே நங்கி?" என்று சிரித்தார் சாரதி. அழகாக இருக்கிறதல்லவா என்று அவளிடமே கேட்கிறார்! கட்டுகஸ்தோட்டையில் இறங்கி, கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடித்தாள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் பஹ்மியின் ரெக்கோடிங் பார். பட்டியலைக் கொடுத்தால் வெற்றுக் கசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடை. கலகெதரப் பக்கம் போன 'பெரட்டு' எல்லாமே, கொழும்பிலிருந்து வந்த ஒரு கசட்டிலிருந்து அவர் பதிந்த பிரதிகள்.

"என் குரலக் கொன்னுட்டீங்க நானா!" என்று அந்த முஸ்லிம் அண்ணனிடம் பாய்ந்தாள் பாப்பம்மா.

"என்ன தங்கச்சி பேசுற? இந்தா, கேட்டுப் பாரு." பதிந்த பிரதி ஒன்றைத் தன் மெஷினில் போட்டார். அவள் குரல் அவள் குரலாகவே வந்தது. "நல்லாத்தானே ஈக்குது?"

அவள் கசட்டைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். பிறகு கசட்டைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்துச் சலூனுக்குள் நுழைந்தாள். முகத்தில் சவர்க்கார நுரையோடு இருந்தவர் திடுக்கிட்டார். சலூன்காரரின் பெட்டியில் அதே கசட் கீச்சுக் குரலில் பாடியது.

பஹ்மி மெஷினைக் கழற்றினார். பெல்ட் இருக்கவேண்டிய இடத்தில் சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம் தளர்ந்து கிடந்தது. மெஷின் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. அதில் பதிந்தது அதில் போட்டால் சரி, வேறெங்கு போட்டாலும் ஓட்டம், குரலும் கீச்சாகிவிடும்.

"எத்தன நாளா?"

"நோன்புப் பெருநாளைக்கு முந்தி இருந்தே. சினிமாப் பாட்டெல்லாம் இதுலதான் போட்டுக் குடுத்த. ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல."

"சினிமாக்காரிக்கு ஒரு பாட்டுக் கெட்டா இன்னும் நூறு பாட்டு இருக்கு. எனக்கு இருக்கிறது இந்தக் குரல் ஒண்ணுதான். சலூன் பொட்டியத் தூக்குங்க, கொழும்புக் கசட்டையும் எடுங்க. ஞாயித்துக்கிழம நீங்களே வந்து தலைவர்கிட்டச் சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை பஹ்மி வந்தார். சலூன்காரரின் பெட்டியைக் கறுப்பையாவின் வாசலில் வைத்து, தன் பிழையைச் சொல்லி, கொழும்புக் கசட்டைப் போட்டார். லயமே கூடி நின்றது. முதல் பாட்டில் பேச்சு அடங்கியது. கறுப்பையா தலையை ஆட்டினார், கண்ணைக்கூடத் துடைத்தார். மூன்றாவது பாட்டு வந்தது.

பெரட்டுல நாங்க முன்னால, தலைவரு தொரைக்குப் பின்னால,
பெரட்டுல நாங்க முன்னால, தலைவரு தொரைக்குப் பின்னால,
மழையெல்லாம் எங்களுக்கு, கொடை மட்டும் அவருக்கு.

கறுப்பையாவின் தலை ஆட்டம் நின்றது.

"இது யாரச் சொல்றே?"

"மூணு தரம் கேட்டேன்னீங்களே தலைவரே."

"அப்ப... அப்ப ஏதோ காதல் பாட்டு மாதிரி இருந்துச்சு!"

பின்னாலிருந்து ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கறுப்பையா எழுந்தார். "நன்றி கெட்டவளே! என் மேடையில நீ ஏற முடியாது. இந்தப் பாட்டும் ஏறாது!"

"ஏத்தாதீங்க!" பாப்பம்மாவின் குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது. "நேத்து வரைக்கும் எவளோ ஒருத்தியத் திட்டிக்கிட்டு இருந்தீங்க. இன்னைக்குத்தான் என்னையத் திட்டுறீங்க. நல்லாத் திட்டுங்க, நான் இங்கதான் நிக்கிறேன்."

கறுப்பையா திட்டினார். அவள் விலகாமல் நின்று, ஒவ்வொன்றுக்கும் பதில் கொடுத்தாள். யாரோ பஹ்மியின் தோளைத் தட்டி, "நானா, அந்த மூணாவது பாட்ட இன்னொருக்காப் போடுங்க" என்றார்கள்.