ஒரே சாயம், வேற பளபளப்பு

எங்கள் அக்காவின் வாயை நம்பலாமோ என்னவோ, கண்ணை நம்பலாம். நூல் சாயப் பட்டறையில் நிறம் ஒத்துப் பார்க்கிற வேலை அவளுக்கு. நூல்கட்டை ஜன்னலோரம் கொண்டுபோய், அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்லிவிடுவாள். இத்தனை வருஷமா அந்தக் கண்தான் அவளுக்குச் சோறு போடுகிறது.

அப்பேர்ப்பட்டவள் ஒரு சாயங்காலம் என் தையல் மெஷின் மேல் ரெண்டு நீல நூல்கட்டைப் போட்டு, வித்தியாசம் தெரியுதா பார் என்றாள். நான் தையல்காரி, நூலோடே புழங்குகிறவள். எங்கள் வீட்டு பல்பு கொஞ்ச நாளாகவே அழுது வடிகிறது, இருந்தாலும் உற்று உற்றுப் பார்த்தேன். ரெண்டும் ஒண்ணுதான் என்றேன். அக்காவுக்கு முகம் செத்துப்போச்சு.

அப்புறம்தான் மெல்ல விஷயத்தைக் கக்கினாள். ரெண்டு கட்டும் ஒரே தொட்டியில் ஒரே சாயத்தில் முக்கி எடுத்தவை. ஆனால் திருப்பிப் பார்த்தால் அவள் கண்ணுக்கு ஒண்ணு மின்னுகிறதாம், இன்னொண்ணு மந்தமாகக் கிடக்கிறதாம். சாயம் ஒண்ணுதானே, எப்படிம்மா மாறும் என்று சூப்பர்வைசர் சிரித்தாராம். இப்போது நானும் அதையே சொல்லிவிட்டேன்.

"எனக்குக் கண்ணு போகுதுடி. இது போச்சுன்னா என்னை எவன் வேலைக்கு வச்சுப்பான்?"

மாமாவிடம்கூடச் சொல்லாமல், சனிக்கிழமைக்குக் கண் டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தாள்.

ஆனால் அக்கா மூலையில் உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை. ஏன் அப்படித் தெரியுது என்று அவளுக்குத் தெரிஞ்சே ஆகணும். மறுநாள் சூப்பர்வைசரை நச்சரித்து, ரெண்டு இழையையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல் ஆரம்பித்தாள்.

பஞ்சு இழை, தண்ணி விடாத ஹோஸ் பைப் மாதிரியாம். தட்டையாக, முறுக்கிக்கொண்டு கிடக்கும். மேலே விழுகிற வெளிச்சம் நாலா பக்கமும் சிதறிவிடும், அதனால் சாதாரணப் பருத்தி மின்னாது. அதையே சாயத்துக்கு முன்னால் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணியில் முக்கினால் பைப்பில் தண்ணி ஏறின மாதிரி உப்பிக்கொள்ளும். அந்த நேரம் நூலை விறைப்பாக இழுத்துப் பிடிக்கணும். பிடித்தால் வழவழவென்று ஆகி வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பும். தளர விட்டால் சுருங்கிப்போகும். சாயம் நன்றாகத்தான் ஏறும், பளபளப்பு மட்டும் வராது.

மந்தமான கட்டில் இழையெல்லாம் சுருங்கி நெளிந்து கிடந்ததாம். சூப்பர்வைசர் போய் விசாரித்தால், நூல் அறுந்துகொண்டே இருக்கிறதே என்று யாரோ நூலை இழுத்துப் பிடிக்கிற உருளையைத் தளர்த்தி விட்டிருக்கிறார்கள். உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா என்று அவரே வந்து சொன்னாராம். எனக்கு அப்போதுதான் உயிரே வந்தது.

சந்தோஷத்தில் அக்கா அந்த ரெண்டு கட்டையும் என் மூஞ்சிக்கு நேரே திருப்பித் திருப்பிக் காட்டினாள். எவ்வளவு பார்த்தும் எனக்கு ரெண்டும் ஒண்ணாகத்தான் தெரிந்தன. இந்தப் பாழாப்போன பல்பை முதலில் மாத்தணும் என்று அலுத்துக்கொண்டேன்.

அக்கா நிமிர்ந்து பல்பைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"பல்பு நல்லாத்தானேடி எரியுது?"

மெஷினில் பாதி தைத்த சட்டை கிடந்தது. அதன் தையலை விரலால் தடவிப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

"சனிக்கிழமைக்கு வாங்கின நேரத்தை ரத்து பண்ணிடாதக்கா" என்றேன்.