கோட்டு சாருக்கு நான்தான் குரல்

நேர்முகத் தேர்வுக்குப் பயப்படுகிறவர்களின் பயத்தைத் தெளிய வைப்பது என் தொழில். அங்கே எல்லோரையும்விட அதிகம் பயப்படுவதும் நான்தான். காரைக்குடியில் எங்கள் பயிற்சி நிலையத்துக்கு வருகிறவர், வி.ஆர். என்னும் மெய்நிகர் காட்சிக் கருவியைக் கண்ணில் மாட்டினால், எதிரே கோட்டுப் போட்ட அதிகாரி ஒருவர் தெரிவார். தடுப்புக்குப் பின்னால் இன்னொரு கருவியோடு நான் இருப்பேன். நான் கையைத் தூக்கினால் அவரும் தூக்குவார். நான் பேசினால் கம்ப்யூட்டர் அதை ஆண் குரலாக்கிவிடும். கேள்விகள் முதலாளி எழுதித் தந்தவை, எனக்கு மனப்பாடம். நான் படித்தது எட்டாவது. அது தெரிந்தால் ஒருவரும் வரமாட்டார்கள், என் வேலையும் போய்விடும். எதையாவது மறைத்துக்கொண்டே வேலைக்குப் போய்வரும் உங்களுக்கு இது புரியும்.

மரியாதை

இடுப்பு வலி என்று ஒருநாள் நின்றுகொண்டே பேசினேன். அதிகாரியும் நின்றார். கண்டரமாணிக்கத்துக்காரர் ஒருவர், நாலு முறை உட்காரச் சொல்லியும் அசையவில்லை.

"நீங்களே நிக்கிறீக, நா எப்படி சார் உக்காருவேன்? மொதல்ல நீங்க உக்காருங்க."

முந்தானை

ஃபேன் காற்றில் நழுவும் முந்தானையைப் பழக்கதோஷத்தில் இழுத்து இழுத்துத் தோளில் போட்டேன். கோட்டுப் போட்டவரும் அதையே செய்திருக்கிறார். மூன்றாம் முறை, கொத்தமங்கலத்துப் பையன் பாதி பதிலில் நிறுத்தினான்.

"சார், கோட்டுக்குள்ள எறும்பு கிறும்பு போயிருச்சா? உதறிட்டு வாங்க, நா இருக்கேன்."

எட்டாவது

கோட்டையூர் ஆரோக்கியமேரி எம்.காம். படித்தவள். இரண்டு நேர்முகத் தேர்வில் வாயே திறக்காமல் திரும்பியிருந்தாள், மறுநாள் மூன்றாவது. "படிச்சவுக முன்னாடி நாக்கு ஒட்டிக்கிருது சார்" என்று அழுதாள். "நானே எட்டாவதுதாம்மா" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் கருவியைக் கழற்றினாள். "சும்மா சொன்னேம்மா" என்று நான் பதறியது, தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து என் சொந்தக் குரலிலேயே அவளுக்குக் கேட்டது.

எட்டிப் பார்த்தாள். என்னைத் தலை முதல் கால் வரை அளந்தாள். முதலாளியும் வந்து நின்றார். வேலை போயிற்று என்று நினைத்தேன். ஆரோக்கியமேரி நாற்காலியை என் எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எட்டாவதா? ஒங்களுக்குப் போயா இம்புட்டு நாளு நடுங்குனேன்? கேளுங்கக்கா அடுத்த கேள்விய."

அவளுக்கு அந்த வேலை கிடைத்த பிறகு, யாருக்காவது கை நடுங்கினால் முதலாளி என்னைத் தடுப்புக்கு வெளியே வந்து உட்காரச் சொல்கிறார். எட்டாவதோடு நின்றதற்குச் சம்பளம் தரும் தொழில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.