நாவூறுச் சட்னி

மாங்காய்க் காலம் வந்தால் எங்கள் வீட்டில் சட்னி வைப்போம். மாங்காய் பக்கத்து வீட்டு மாமியின் மரத்தது. அதனால் முதற்போத்தல் மாமிக்குத்தான்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒருநாள் மாமி மாங்காய்க் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு, பாயில் கிடந்த என் தங்கையைத் தூக்கினார். தங்கைக்கு அப்போது ஐந்து மாதம்.

"என்ன வடிவு இவள்! கன்னத்தைப் பாரன் தங்கச்சி, கறுத்தக்கொழும்பான் மாம்பழம் மாதிரி."

அம்மாவிடம் இப்படிச் சொன்னவர், பிள்ளையை நெடுநேரம் கீழே விடவில்லை. "பிள்ளைக்குப் பால் குடுக்கோணும் அக்கா" என்று சொல்லி அம்மா வாங்கிக்கொண்டார். மாமிக்குப் பிள்ளைகள் இல்லை. நல்ல மனுஷி, ஆனால் கண் பொல்லாதது என்று அயலில் சொல்வார்கள். அம்மாவும் அதை நம்பினார்.

மாமி போய்ச் சிறிது நேரத்தில் தங்கை பால் குடிக்க மறுத்துக் கத்தினாள். மாமியின் கண் பட்ட நாவூறுதான் என்று அம்மா முடிவு கட்டினார். ஐந்து செத்தல் மிளகாயையும் ஒரு பிடி உப்பையும் வாழையிலைத் துண்டில் எடுத்து அவளை மூன்று தரம் சுற்றினார். அதை உடனே நெருப்பில் போட்டு எரிக்க வேண்டும். ஆனால் அடுப்பில் மாங்காயும் சர்க்கரையும் வினாகிரியும் கொதித்துக்கொண்டிருந்தன. மிளகாய்ப் புகை ஏறினால் சட்னி பாழாகிவிடும். சட்டியை இறக்கியபிறகு எரிக்கலாம் என்று இலையை அம்மியடியில் வைத்துவிட்டுப் பிள்ளையோடு உள்ளே போனார்.

"தம்பி, அம்மியடியிலை கிடக்கிற செத்தலை அரைச்சுச் சட்டியிலை போடு" என்று உள்ளேயிருந்து எனக்குக் குரல் கொடுத்தார்.

அம்மியடியில் ஒரு தட்டிலும் செத்தல் இருந்தது, இலையிலும் இருந்தது. கேட்டிருக்கலாம். வாய் திறந்து எதையும் கேட்கிற பிள்ளையில்லை நான்; இன்றைக்கும் அப்படித்தான். இரண்டையும் அரைத்துப் போட்டேன். உப்பையும் விடவில்லை.

மாலையில் முதற்போத்தலை மாமியிடம் கொடுத்துவிட்டு வந்தபோது, அம்மா அம்மியடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

"எங்கையடா இலையிலை கிடந்த செத்தல்?"

"அரைச்சுப் போட்டன்."

அம்மா தலையில் கைவைத்தார். "ஐயோ! அவவின்ரை கண்ணை அவவுக்கே சாப்பிடக் குடுத்திட்டனே!"

போத்தலைத் திருப்பி வாங்க ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மாமி புட்டோடு கால்போத்தலை முடித்திருந்தார். கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓடியது.

"உறைப்பெண்டா உறைப்பு, தங்கச்சி! ஆனா கை நிக்குதில்லை" என்று இன்னொரு கரண்டி அள்ளினார்.

என்ன சொல்லிப் பறிப்பது? அம்மா திரும்பிவந்து, எங்கள் பங்குச் சட்னியை வாழையடியில் கொட்டினார். அன்றிரவு தங்கை ஒன்றும் நடவாததுபோலப் பால் குடித்துத் தூங்கினாள். நாவூறு முழுவதும் மாமியிடம் போய்விட்டது என்பதற்கு அம்மாவுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

விடிந்ததும் மாமிக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று பார்க்கப் போனார். சும்மா போக முடியாதே, அரிசி புடைக்கச் சுளகு இரவல் கேட்டார். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனார்.

"வீட்டிலை மூண்டு சுளகு கிடக்குது. உவ என்னத்துக்கடா அங்கை சுளகு வாங்கித் திரியிறா?" என்று அப்பா என்னிடம் கேட்டார்.

மூன்றாம் நாள் அம்மாவுக்குச் சாட்டு ஒன்றும் அகப்படவில்லை. தங்கையைத் தூக்கிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். மாமி நல்ல சுகத்தோடு முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை உங்களைத் தேடுறாள் அக்கா" என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லி, அம்மா தங்கையை நீட்டினார்.

மாமி விளக்குமாற்றைக் கீழே போட்டார்.

"என்னையோ?"

கையைச் சேலையில் இரண்டு தரம் துடைத்துவிட்டு வாங்கினார். தங்கை அவருடைய மூக்கைப் பிடித்துச் சிரித்தாள். மாமியின் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

மறுபடியும் சட்னி சாப்பிட்டிருக்கிறாராக்கும் என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். போத்தலைக் கழுவி, காய்வதற்காகக் கவிழ்த்து வைத்திருந்தார். சட்னி முடிந்த பிறகும் இவருக்கு ஏன் இப்படி உறைக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.