நிலக்கரிக் குதிரை லாயத்தில என்ர வேலை

குதிரை இல்லாத லாயத்தைப் பாக்கிறது சும்மா இருந்து சம்பளம் எடுக்கிற வேலை எண்டுதான் நீங்களும் நினைப்பியள்; ஆனா ஆக்களோட மாரடிக்கிற வேலை செய்யிறவைக்கு அது அப்பிடியில்லை எண்டு விளங்கும். ரயிலில வந்த நிலக்கரியை வீடு வீடாய்க் கொண்டுபோன குதிரையளுக்குக் கட்டின செங்கல் கட்டிடம் இது. இப்ப நகரசபைக் கவுன்சில் வாடகைக்கு விடுற மண்டபம். திறக்கிறது, கூட்டிறது, பூட்டிறது எல்லாம் நான்தான்.

சனிக்கிழமைக் குதிரை

எனக்கு லாயத்தில வேலை எண்டு குட்மேய்ஸில இருக்கிற மச்சான் ஊரெல்லாம் சொல்லிப்போட்டான். ஒருநாள் அவன்ர சிநேகிதர் எனக்குப் போன் எடுத்தார். பிரான்சிலயிருந்து வந்த ஆள், குதிரைப் பந்தயமெண்டால் சாப்பாடும் வேண்டாம். "அண்ணை, சனிக்கிழமை எந்தக் குதிரையில காசு கட்டலாம்?" எண்டார். இஞ்ச இருந்ததெல்லாம் வண்டில் இழுத்த குதிரையள், செத்து எத்தினையோ காலம் எண்டு விளங்கப்படுத்தினன். பிறகு கேட்டார்: "அப்ப அதுகளின்ர பேரப்பிள்ளையள் ஏதும் ஓடுதோ?"

லாயத்துக்குள்ள தொழுவம்

சிரிப்பு ஒருபக்கம் கிடக்கட்டும். மேலதிகாரி சூசன் வந்து, கிறிஸ்மசுக்குள்ள சனம் வராட்டில் மண்டபத்தைப் பூட்டத்தான் வேணும் எண்டு சொல்லிப்போட்டுப் போனா. எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. இந்த வயசில வேற வேலைக்கு எங்க போறது? எங்கட பங்குக் கோயிலில, தொழுவத்தில பிறந்த பாலனுக்குக் கிறிஸ்மஸ் குடில் கட்டிற மன்னார் ரீட்டாக்காவைப் பிடிச்சன். "அக்கா, உண்மையான லாயம், உண்மையான தீனித்தொட்டி. இதைவிட இடம் கிடைக்குமோ?"

அக்காவுக்கு நல்ல புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த கிழமை சனத்தோட வந்து, நடுவில மூங்கில் நட்டு, மட்டை வெட்டி, மண்ணிறப் பேப்பர் ஒட்டி ஒரு தொழுவம் எழுப்பினா. லாயத்துக்குள்ள இன்னொண்டு என்னத்துக்கு எண்டு கேட்டன். அக்கா செங்கல் சுவரை மேலும் கீழும் பாத்தா. "குறை நினைக்காதையும் தம்பி, இது தொழுவம் மாதிரி இல்லை."

சூசன் திரும்பி வந்தா

குடில் திறந்த அண்டைக்கு நல்ல சனம். தின்ன பற்றிஸ், ரோல்ஸ், கேக்கப் பாட்டு எண்டு ஒரே கலகலப்பு. அதுக்குள்ள சூசன் வந்து நிண்டா. எங்கட வழக்கப்படி பாலனைக் கிறிஸ்மஸ் இரவுதான் வைப்பம். குடிலுக்குள்ள மாதாவும் சூசையப்பரும் சிலையாய் வெறும் வைக்கோலைப் பாத்துக்கொண்டு நிண்டினம். "பிள்ளை எங்க?" எண்டு சூசன் கேட்டா. "இன்னும் பிறக்கேல்லை" எண்டன். பிறகு பொறுக்கேலாமல், "மண்டபத்தைப் பூட்டப்போறியளோ?" எண்டு கேட்டுப்போட்டன். சூசன் மாதாவை ஒருக்கால் பாத்தா, என்னை ஒருக்கால் பாத்தா. "இவையளுக்குச் சத்திரத்தில இடமில்லை எண்டு சொன்ன ஆள் மாதிரி எனக்கும் பேர் வேண்டாம்."

அண்டையிலயிருந்து பிறந்தநாள், பெட்டையள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு எண்டு புக்கிங்கில மூச்சுவிட நேரமில்லை. இந்த லாயத்தில இப்ப வண்டில் இழுக்கிறது நான்தான்.