நான்காம் மாடிப் பின்கதவு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இதில் ஒரு வரிகூட நான் சேர்த்தது கிடையாது. அன்று பின்படியில் நின்றது நான்தான். வேறு யாரும் இல்லை.

அந்த ஐந்து மாடிக் குடியிருப்பில் அப்பா பராமரிப்பு வேலை பார்த்தார். மோட்டார் அறையை ஒட்டிய ஒற்றை அறைதான் எங்கள் வீடு. வருடா வருடம் குடியிருப்போர் சங்கத் தேர்தல் முடிந்ததும் தீ ஒத்திகை நடக்கும். மணி அடித்ததும் எல்லோரும் படியிறங்க வேண்டும். முன்படி, பின்படி இரண்டின் அடியிலும் ஒருவர் நின்று தலைகளை எண்ண வேண்டும். கடைசியில், 'இரண்டு படிக்கட்டுகளும் திறந்திருந்தன' என்ற படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும்.

பின்படியில் நான்காம் மாடிக் கதவு திறந்தே இருந்ததில்லை. நாங்கள் வேலைக்கு வந்த நாளிலிருந்து அதில் சங்கிலியும் பூட்டும்தான். அதே மாடியில் குடியிருந்த சங்கத் தலைவர் போட்டது. எப்போதும் கழுத்தில் விசில் தொங்கும் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு 'விசில்' என்று பெயர்.

"ஐயா, சங்கிலிய மட்டும் எடுத்துடலாங்க," என்றார் அப்பா.

"திருடன் வந்தா நீ வந்து மல்லுக்கட்டுவியா? கையெழுத்துப் போடு. இல்லன்னா ரூமைக் காலி பண்ணு."

"பூட்டின கதவ திறந்திருக்குன்னு எப்படிங்க எழுதறது?"

"பேனாவாலதான்."

பக்கத்தில் நின்ற சங்கச் செயலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். விசில் என் பக்கம் திரும்பினார். "பள்ளிக்கூடமும் போகல, வாயும் தொறக்கறதில்ல. எண்ணவாவது வருமா? பின்படியில போய் நில்லு. எல்லாரையும் முன்படியில வரச் சொல்லியாச்சு. சைபர்னு எழுதிக் குடு, போதும்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் பின்படியின் அடியில் போய் நின்றேன்.

மாலை 6.10. மணி அடித்தது.

முன்பக்கம் செருப்புச் சத்தம். சிரிப்பு. என் பக்கம் யாரும் வரவில்லை.

6.12. மேலே யாரோ இருமினார்கள்.

வெறும் ஒத்திகைதானே... எதற்கு இருமல்? ஏறிப் பார்த்தேன். இருமல் கூடியது. ஒருவர் இல்லை. பலர்.

மூன்றாம் மாடி. சுவரைத் தொட்டேன். சூடு. வெயிலே படாத சுவர் அது.

6.14. நான்காம் மாடிக் கதவு. டம்.

டம்... டம்... டம்...

சங்கிலி துள்ளியது. அந்தப் பக்கமிருந்து அடிக்கிறார்கள்.

கைப்பிடியைப் பிடித்தேன். தோல் ஒட்டிக்கொண்டது.

புகை இல்லை. வாடை இல்லை.

மிக அருகில் ஒரு குரல்...

"தொறங்க..."

6.17. எல்லாம் நின்றது.

விழுந்தடித்துக் கீழே ஓடினேன். விசில் படிவத்தை நீட்டிக்கொண்டிருந்தார். அப்பா கையில் பேனா.

"உள்ள ஆளுங்க இருக்காங்க! சாவியக் குடுங்க!"

"அடடே, ஊமைக்கு வாய் வந்துடுச்சே! நாலாவது மாடி மொத்தமும் இங்கதான் நிக்குது. எண்ணிப் பாரு."

நான் உள்ளங்கையை விரித்தேன். கொப்புளங்களை அப்பா ஒரு நிமிடம் பார்த்தார். பேனாவை வீசிவிட்டு, கருவிப் பெட்டியிலிருந்து பெரிய வெட்டும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு படியேறினார். விசில் தன் விசிலை ஊதிக்கொண்டே பின்னால் ஓடினார்.

"யாரக் கேட்டு அறுக்கற? உங்கப்பன் வீட்டுக் கதவா?"

"என் பொண்ணு கை வெந்திருக்கு. தள்ளுங்க."

சங்கிலி அறுந்தது. அப்பா கதவை இழுத்தார்.

செங்கல் சுவர்.

கதவுக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. எலி ஓடலாம். மனிதர் நிற்க முடியாது. வெளியேறும் வழியை அடைத்து, விசில் தன் வீட்டுக்குச் சாமான் அறையாக ஆக்கிக்கொண்டிருந்தார். பின்னால் ஏறி வந்த செயலாளர் தன் செருப்பையே பார்த்தார்.

அப்பா விசிலின் கையிலிருந்த படிவத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்தார். அன்றைக்கே எங்கள் சட்டி பானை தெருவுக்கு வந்தது.

அப்பாவின் புகாரின் பேரில் இரண்டு வாரம் கழித்து, சுவரை இடிக்கத் தீயணைப்பு அதிகாரி வந்தார். நடந்ததை அவரே அப்பாவிடம் சொன்னார். சாமான் அறையில், அந்தச் சுவரை ஒட்டி நின்ற அலமாரியை நகர்த்தியிருக்கிறார்கள். பின்னால் சுவர் முழுக்கக் கரி. கரியில் உள்ளங்கைகள். பதினொன்று. ஒன்றின் அளவில் இன்னொன்று இல்லை. ஆகச் சிறியது முழங்கால் உயரத்தில்.

அதிகாரி பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாராம். கட்டிய நாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் தீப்பிடித்ததே இல்லை.

நான்காம் மாடியில் இப்போது குடியிருப்பவர்கள் பதினோரு பேர்.

விசில் நம்பவில்லை. "எவனோ வேலக்காரன் பண்ண வேல சார்," என்று சிரித்துக்கொண்டே, எல்லார் முன்னாலும் ஒரு தடத்தின் மேல் தன் கையை வைத்துக் காட்டினாராம்.

விரலுக்கு விரல் பொருந்தியது. எப்போதோ ஒடிந்து கோணலாகச் சேர்ந்த அவருடைய சுண்டுவிரல் உட்பட.