1854ஆம் ஆண்டுக்கு வாய் நான்தான்

செத்து எத்தனையோ வருடமாகிப்போன மனிசருக்காகக் கதைப்பதுதான் என் தொழில். சம்பந்தப்பட்டவர்களிடமிருந்து இதுவரை ஆட்சேபணை ஏதும் வரவில்லை.

ஊரே நித்திரை கொள்ளும் சனி ஞாயிறுகளில் வேலைக்கு ஓடும் என் சக துன்பவாசிகளே, விளக்கமாகச் சொல்கிறேன். எனக்குப் பதினேழு வயது. ஒஸ்லோவில் ஒரு சின்ன நூதனசாலை. அதில் ஒரு அறை முழுக்க 1854ஆம் ஆண்டு. நோர்வேயின் முதல் ரயில் ஓடிய வருடம் அது. அப்போது கிறிஸ்தியானியா என்று பெயர் வைத்திருந்த இந்த நகரத்திலிருந்து லில்லெஸ்ட்ரோம் வழியாக எய்ட்ஸ்வோல் வரைக்கும் ஓடியது. அதே வருடம் உலகத்தில் வேறு என்ன நடந்தது, யார் யார் பிறந்தார்கள் என்று சுவரைச் சுற்றிப் பொம்மைகள். பொத்தானை அமத்தினால் பொம்மை கதைக்கும். போன ஜூனில், நான் கோடை விடுமுறை வேலைக்கு, எங்கட வாயில் சொம்மர்யொப்புக்கு, அங்கே சேர்ந்த கிழமை, அந்தக் குரல்கள் வரும் ஒலிப்பெட்டி செத்துவிட்டது. எல்லாரும் தலையில் கைவைத்து நின்ற நேரம், பொறுப்பாளர் மாரித் மூக்கால் கதைப்பதை அவவுக்குப் பின்னால் நின்று நடிச்சுக் காட்டிக்கொண்டிருந்தேன். அவ திரும்பிவிட்டா.

வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். மாரித் என்னைப் பொம்மைகளுக்குப் பின்னால் இருக்கும் அலுமாரிக்குள் கொண்டுபோய் இருத்தினா. வெளியே பொத்தானை அமத்தினால் உள்ளே லைற் எரியும்; ஓட்டையால் பார்த்து நான் கதைக்கவேண்டும். 'குரல்கள் நேரடியாக வழங்கப்படுகின்றன' என்று வாசலில் அறிவித்தல் இருக்கிறது. ஒருவரும் வாசிப்பதில்லை. பிறகு மாரித் நொஸ்க்கில், அதுதான் நோர்வே மொழியில், சொன்னதை எங்கட தமிழில் தருகிறேன்: "குரல் உன்ர, வசனம் என்ர. எழுத்தில ஒரு முறைப்பாடு வந்தாலும் ஓகஸ்ட் முடிய புது ஒலிப்பெட்டி வாங்கிப் போடுவன். வராட்டி, வருசம் முழுக்கச் சனிக்கிழமை வேலை உனக்குத்தான்."

இதே குழப்படிக்குப் பள்ளிக்கூடத்தில் என்னை வகுப்புக்கு வெளியே விடுவார்கள். அதுக்காகவே என்னை உள்ளே விட்ட முதல் இடம் இது. இந்த அலுமாரியை இன்னொரு பெட்டிக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமே இல்லை.

கயிற்றை வெட்டச் சொன்னவர்

அந்த வருடம் நியூயோர்க் கண்காட்சி ஒன்றில் ஒரு மனிசர் உயரத் தட்டில் ஏறி நின்று, அந்தத் தட்டைத் தாங்கிய கயிற்றையே சனம் பார்க்க வெட்டச் சொன்னார். தட்டு கொஞ்சம் இறங்கி, அவர் செய்த பிடியில் கொழுவி நின்றது. இன்றைக்கு நாங்கள் லிஃப்ற் கண்ணாடியைப் பார்த்து நிம்மதியாகத் தலை சீவுகிறோம் என்றால் அந்தத் துணிவால்தான். எனக்கு இவரில் சரியான விருப்பம். சனத்தைப் பயமுறுத்துவதற்குத் தானே மேலே ஏறி நிற்கிற குழப்படிக்காரர் ஆயிரத்தில் ஒருவர்.

ஒரு சனிக்கிழமை லோறென்ஸ்கூக்கிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தகப்பன் லிஃப்ற் திருத்துகிறவர் என்று அவருடைய உடுப்பிலேயே எழுதியிருந்தது. அடித்தொண்டையால் "வெட்டு!" என்று கத்தினேன். மனிசர் தன்னை அறியாமல் இரண்டு கையையும் விரித்துப் பிள்ளைகளைப் பின்னுக்குத் தள்ளினார். மனைவி விழுந்து விழுந்து சிரித்தா. அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுப் பொம்மைக்குப் பக்கத்தில் போய் நின்று சொன்னார்: "இருபது வருசமா இந்தாளின்ர பிடியை நம்பித்தான் ஒவ்வொரு நாளும் உயிரோட வீட்டை போறன். இண்டைக்குத்தான் முகத்தைக் காணுறன்."

பம்பைப் பூட்டிய டொக்டர்

லண்டனில் ஒரு தெருவில் சனம் கொலராவில் செத்துக்கொண்டிருந்தது. கெட்ட காற்றால் வருகுது என்று பெரிய பெரிய ஆட்கள் சொல்ல, ஒரு டொக்டர் மட்டும் வீடு வீடாகப் போய், தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்டார். எல்லா விரலும் ஒரே பம்பைக் காட்டியது. அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றுவித்து, ஒருவரும் தண்ணீர் எடுக்க ஏலாமல் பூட்டுவித்தார். கதவைத் தட்டிக் கேள்வி கேட்டே ஒரு நோயைப் பிடித்த மனிசர்! அவருக்கு நான் மெல்லிய, களைத்த குரல் வைத்திருக்கிறேன்.

ஓட்டையால் பார்த்தால், ரொம்சோஸ் பக்கத்து அக்கா ஒருவர், இரண்டு பிள்ளைகளோடு தமிழில் கதைத்துக்கொண்டு வருகிறா. என்னால் அடக்க ஏலவில்லை. மாரித்தின் வசனத்தை விட்டுவிட்டு, லண்டன் டொக்டர் எங்கட வீட்டுத் திருகோணமலைத் தமிழில் கேட்டார்: "அக்கா, நீங்கள் எங்கை தண்ணி அள்ளுறனியள்?" பிள்ளைகள் இரண்டும் தாயின் சட்டைக்குப் பின்னால் ஓடின. முறைப்பாட்டுத் தாள் கேட்கப்போகிறா என்று பயந்தேன். அக்கா அசையவில்லை. வீடு வீடாகப் போய் முதியோரைப் பராமரிக்கும் வேலையாம் அவவுக்கு. கேள்வி கேட்டுப் பழகியவ. பொம்மையை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னா: "டொக்டர் ஐயா, பம்பைப் பூட்டினது நல்ல விசயம். அந்தச் சனம் அண்டைக்குச் சமைக்கத் தண்ணிக்கு எங்கை போனது எண்டு பாத்தனீங்களோ?"

தொட்டில் வரிசை

அந்த வருடம் பிறந்தவர்கள் ஒரு மூலையில் தொட்டில்களில் கிடக்கிறார்கள். ஒருவர் பிற்காலத்தில் எல்லார் கையிலும் கமராவைக் கொடுத்தவர். ஒருவர் பெரிய கணித மேதை. ஒருவர் குழந்தைகளின் தொண்டையை அடைத்துக் கொல்லும் நோய்க்கு மருந்து கண்டவர். பொத்தானை அமத்தினால் குழந்தை அழவேண்டும். மூன்றுக்கும் மூன்று அழுகை வைத்தேன்: கமராக்காரர் விட்டு விட்டு அழுவார், கணிதக்காரர் ஒரே அளவாக, மருந்துக்காரர் மூச்சு முட்டும்வரை. ரிக்கற் விற்கும் கார்த்திக், சேலத்திலிருந்து மேல்படிப்புக்கு வந்தவர், "பொறந்த குழந்தைக்கு என்னங்க கேரக்டர்?" என்று கேட்டார். அந்த மனிசருக்குக் கலை விளங்காது.

ஒரு இளம் தகப்பன், நித்திரையான மகளைத் தள்ளுவண்டியில் மெல்லத் தள்ளிக்கொண்டு வந்து, தெரியாமல் மூன்றாவது பொத்தானில் கை வைத்துவிட்டார். நான் தொடங்கினேன். வண்டிக்குள் படுத்திருந்தவ எழும்பி எனக்குப் பதில் சொன்னா. இரண்டு பேரும் மாறி மாறி அழுதோம். முதலில் களைத்தது நான்தான். தகப்பன் கோபப்படாமல் தொட்டிலில் இருந்த அட்டையை வாசித்தார், இன்னொருக்கால் வாசித்தார், மகளைத் தூக்கி அந்தத் தொட்டிலுக்கு நேராகப் பிடித்தார். "போன கிழமைதான் அந்த நோய்க்கு ஊசி போட்டனாங்கள். அழட்டும், இவருக்கு முன்னால எவ்வளவும் அழலாம்."

இஞ்சினைத் துடைத்தவர்

ஒரு நாள் மழை. ஒரு குருவியும் வரவில்லை. அலுமாரிக்குள்ளிருந்து மாரித்தின் மூக்குக் குரலில் கூப்பிட்டேன்: "கார்த்திக், அந்த ரயில் இஞ்சினைக் கொஞ்சம் துடையுங்கோ." மனிசர் சக்கரச் சில்லு ஒன்றையும் விடாமல் துடைத்தார். பின்னேரம் உண்மையான மாரித் வந்து பார்த்து, ஒருவரும் சொல்லாமலே இவ்வளவு அக்கறையா என்று கண் கலங்கிவிட்டா. கார்த்திக்குக்கு அப்போதுதான் விளங்கியது. அலுமாரியைப் பார்த்தார். காட்டிக்கொடுப்பார் என்று ஓட்டையைக் கையால் மூடினேன். மாரித் போனபிறகு ஓட்டைக்குக் கிட்ட வாயை வைத்துச் சொன்னார்: "அடுத்த வாரம் அதே குரல்ல எனக்கு ரெண்டு நாள் லீவு குடுத்துடு."

சவளோடு நின்றவர்

ஓகஸ்டின் கடைசிச் சனிக்கிழமை. முறைப்பாடு ஒன்றும் இல்லை. இந்த ஒரு நாள் கழிந்தால் அலுமாரி எனக்கு. எனவே ஒரு சொல்லும் கூட்டுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டேன்.

மத்தியானம் செம்மஞ்சள் காற்சட்டையோடு ஒரு பெண் வந்தா. தண்டவாளத்தில் வேலை, சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்க்க வந்ததாகக் கார்த்திக்கிடம் சொன்னது கேட்டது. ரயில் மூலையில் முதல் வகுப்புக் கனவானைக் கதைக்கவைத்தா. தொப்பி வைத்த சீமாட்டியைக் கதைக்கவைத்தா. குதிரையை விட வேகமாக ஒருநாளும் போயிராத விவசாயியைக் கதைக்கவைத்துச் சிரித்தா. பிறகு, ஓரத்தில் மண் அள்ளும் சவளோடு நிற்கும், ரயில் பாதை போட்ட தொழிலாளிக்கு முன்னால் வந்து பொத்தானைத் தேடினா. அவருக்குப் பொத்தான் இல்லை. மாரித் அவருக்கு வசனம் எழுதவில்லை. அவ பொம்மையின் தோளை அமத்தினா, சவளை அமத்தினா, மூக்கையும் அமத்தினா. எனக்கு நாக்கு நுனியில் ஒரு முழுப் பிரசங்கம் நின்றது. விரலைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நான் பிறந்ததிலிருந்து, ஒருவர் கேட்டும் வாயைத் திறக்காமல் விட்டது அன்றைக்குத்தான்.

அவ நேரே போய் முறைப்பாட்டுத் தாள் வாங்கி எழுதினா: 'பயணம் போனவர்கள் எல்லாரும் கதைக்கிறார்கள். பாதை போட்டவர் ஏன் கதைக்கவில்லை?'

மாரித் அதை அலுமாரிக்கு முன்னால் நின்று வாசித்தா. நான் வெளியே வந்து, என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். மாரித் தாளை மடித்தா. மூக்கு சிவந்திருந்தது. "இது குரலுக்கு வந்த முறைப்பாடு இல்லை, வசனத்துக்கு வந்தது," என்றா. "பையை வை. வேலையை விட்டுப் போறதெண்டா நான்தான் போகவேணும்." அங்கேயே குந்தியிருந்து அந்தத் தொழிலாளிக்கு நாலு வரி எழுதத் தொடங்கினா; ஒலிப்பெட்டி விற்பவருக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தின் பின்பக்கத்தில்.

1854இல் பேர் பெற்றவர்களின் குரலெல்லாம் எனக்கு ஒரு மணித்தியாலத்தில் வந்தது, பேர் தெரியாத அந்த மனிசர் மூச்சு வாங்கும் சத்தத்தைப் பிடிக்கத்தான் மூன்று சனிக்கிழமையாக, வேலை முடிய, மாரித் வீட்டுத் தோட்டத்தில் சவளோடு மண் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.