ரேக்கில் தொங்கிய அட்டைகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு மென்பொருள் எழுதப் போன இடத்தில்தான், சரக்கு வைக்கும் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். என் வயதுதான் இருக்கும். கொண்டையில் எப்போதும் ஒரு மார்க்கர் செருகியிருக்கும். ரேக்கில் எதை வைத்தாலும் உடனே ஓர் அட்டை எழுதித் தொங்கவிடுவார். ஒன்றில், 'இந்த லேபிள் துவைச்சா சாயம் விடும். தைக்க எடுக்க வேண்டாம். எறியவும் வேண்டாம், லேபிள் கொடுத்தவர் வந்தால் காட்டணும்' என்றிருந்தது.

நான் மட்டும் சளைத்தவனா? என் புராஜெக்டில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் எழுதி வைத்திருந்த குறிப்புகளை லேப்டாப்பில் பெருமையாகக் காட்டினேன். லேபிள் என்ற ஃபோல்டருக்கு, 'இதில் லேபிள் தொடர்பான ஃபைல்கள் உள்ளன' என்று எழுதியிருந்தேன்.

அவர் பொறுமையாகப் படித்தார். "ஏனுங்க, லேபிள்னு மேலயே பேரு இருக்குதுங்களே. உள்ள எதைத் தொடக்கூடாது, எதுக்கு வெச்சிருக்குதுன்னு எழுதலீங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியுங்க" என்றேன்.

அப்படிச் சொல்லிவிட்டாலும், அன்றைக்கே குறிப்புகள் எல்லாவற்றையும் திருத்தி எழுத உட்கார்ந்தேன். 'பழையது' என்ற ஃபோல்டரில் மாட்டிக்கொண்டேன். அதை உருவாக்கியவனும் நான்தான். வெகுநேரம் யோசித்துக் கடைசியில், 'எதற்கு வைத்தேன் என்று ஞாபகம் இல்லை. அழிக்கப் பயமாக இருக்கிறது' என்று எழுதினேன்.

இதுவரை நான் எழுதிய குறிப்புகளில் அவரிடம் தைரியமாகக் காட்டக்கூடியது அது ஒன்றுதான்.